தராசு காட்டினது

நோர்வூட் பாலத்துக்கு இந்தப் பக்கம்
என் கொமினிகேஷன்.
போட்டோக்கொப்பி, ரீலோட், அஸ்வெசும விண்ணப்பம்,
வெளிநாட்டு ஏஜென்சிக்கு மெயில்.
மழை நாளில் வாசலில் பதினாறு குடை,
உள்ளே ஒரு கம்ப்யூட்டர்,
மேசை லாச்சியில் ஒரு நீலக் கொப்பி.

கொப்பியில்
இருநூற்றுப் பதின்மூன்று பேருடைய கடவுச்சொல்.
"கடவுச்சொல் ஒண்ணு சொல்லுங்க" என்றால்
பாதிப் பேர் காதில் விழுவது கடவுள் சொல்.
முருகன் ஒன்று இரண்டு மூன்று.
மாரியம்மா, அவளுக்குப் பின்னால் பிறந்த வருஷம்.
அந்தோனியார் ஐந்து முறை வருகிறார்,
ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எழுத்துப் பிழையோடு.
ரெங்கராஜா மாஸ்டருடையது ஒரு பெண் பேர்,
அவர் மனைவியுடையது இல்லை.
நிமிராமல் எழுதிக்கொண்டேன்.

வங்கிக்கும் அதுதான், மெயிலுக்கும் அதுதான்,
பேஸ்புக்குக்கும் அதுதான்.
ஒரே சாவியில் லயம் முழுக்கத் திறக்கும்.

போன வருஷம்
சிவபாக்கியத்தின் மெயிலில் நுழைந்த யாரோ
அப்படியே வங்கிவரை நடந்து போனார்கள்.
முப்பத்தொரு வருஷத்து ஈ.பி.எப். காசு,
ஒரு சனிக்கிழமை, அரை மணித்தியாலம்.
பொலிஸ்காரர் முதலில் என்னைத்தான் பார்த்தார்.
கொப்பியை அவர் கேட்கவில்லை.
நான் காட்டவும் இல்லை.

தவமலர் வந்தது சம்பள நாளில்.
குவைத்திலிருந்து திரும்பி எட்டு மாதம்,
கீழ்ப்பிரிவில் மறுபடி கொழுந்துக்குப் போகிறாள்.
"எல்லாத்தையும் மாத்தணும்."
எல்லாவற்றிலும் புருஷன் பேர் இருந்தது.
அவன் இப்போது வத்தளையில், வேறு வீட்டில்,
அங்கிருந்தே அவள் காசை எண்ணிக்கொண்டிருந்தான்.

கொப்பியைத் திறந்தேன்.
"எழுதாதீங்க. அந்தப் பக்கம் திரும்புங்க."

சுவரில் போன வருஷக் கலண்டர்.
முதுகுக்குப் பின்னால் ஒற்றை விரல்:
டக்.
யோசனை.
டக் டக்.
"நம்பர் மட்டும் பத்தாதாம், ஒரு எழுத்தும் வேணுமாமே?"
"போடுங்க. எதுன்னு என்கிட்ட சொல்லாதீங்க."
ஐந்து கணக்கு, ஐந்துக்கும் வெவ்வேறு நீளச் சத்தம்.
"மறந்துட்டா?" என்று கலண்டரிடம் கேட்டேன்.
"தராசு காட்டினது எனக்கு மறக்காது.
செக்ரோல்ல விழுந்ததுதான் வேற."

இரவு கடையைக் கூட்டும்போது விளங்கியது.
ஒரு கிலோ குறைந்தால் அரைப்பேர்.
சாக்குக்கு, ஈரத்துக்கு, சிலநேரம் சும்மாவும்
வெட்டுகிற கிலோ எந்தப் புத்தகத்திலும் ஏறாது.
அதை நாள்வாரியாக
மனதில் அடுக்கி வைத்திருக்கிறாள்.
குவைத்தில் அவள் கடவுச்சீட்டை
வீட்டுக்காரி அலுமாரியில் பூட்டிவைத்தாளாம், இரண்டு வருஷம்.
இதைப் பூட்ட அலுமாரி இல்லை.

மறுநாளிலிருந்து வருகிறவர்களுக்கு
அவரவர் வரியை
அடிமட்டம் வைத்துக் கிழித்துக் கொடுக்கிறேன்.
சிலர் வெற்றிலைப் பைக்குள் மடித்து வைக்கிறார்கள்.
சிலருக்குக் கோபம்:
"ஒங்ககிட்ட இருந்தா இருக்கும்,
எங்ககிட்ட இருந்தா மழையில கரைஞ்சிரும்."
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
மாஸ்டர் தன் வரியை
அங்கேயே தின்றுவிடுவார் போல வாங்கினார்.

கொடுக்க முடியாத வரி ஒன்று இருக்கிறது.
புஸ்பலீலா.
பங்குனியில், ஏழாம் நம்பர் மலையில், குளவி.
விழுந்ததில் போனும் உடைந்தது.
படமெல்லாம் அந்தக் கணக்குக்குள்.
மகள் கொழும்பில் காமென்ட்ஸிலிருந்து
ஒருநாள் லீவில் வந்திருந்தாள்.
கதவை அரைவாசி சாத்திவிட்டு
வரியைப் பார்த்துத் தட்டினேன்:
அந்தோனியார், ஒரு எழுத்துக் குறைய.
திருத்தித் தட்டியிருந்தால் திறந்திருக்காது.

முதல் படத்தில் புஸ்பலீலா
பிரட்டுக்களத்தில் நின்று
யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள்.
மகள் அதைத் தாண்டிப் போகவில்லை.
வெளியே ஹட்டன் பஸ் இரண்டு தடவை ஹோன் அடித்தது.
திரையின் மூலையில்
வெளியேறு என்று எழுதியிருந்தது.
அதை யார் அழுத்துவது என்று
இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.