குவளையும் கரண்டியும்

குத்தாய்சி மருத்துவமனை, மூன்றாம் மாடி.
ஜன்னலுக்குக் கீழே ரியோனி ஆறு
மழைக்குப் பிந்தைய மண் நிறத்தில்.
என் பையில் நாற்பது படங்கள்.

"இது என்ன, அம்ப்ரோசி?"
பார்க்கிறார்.
இருபத்தாறு வருடம் திருமணப் பதிவாளராக இருந்தவர்.
உதடு கூடுகிறது, பிரிகிறது.
கரண்டி கரண்டியாகவே இருக்கிறது,
பெயர் மட்டும் இறங்கிப் போய்விட்டது.

குவளை. இல்லை.
சாவி. இல்லை.
மனைவி நதேலாவைக் காட்டினால்
கண் நிறைகிறது.
வாய்க்கு எதுவும் வரவில்லை.

ஆனால் தேநீர் மடியில் கொட்டிய அன்று
முழுசாக, இலக்கணப் பிழையின்றி
வந்தது ஒரு கெட்டவார்த்தை.
பக்கத்துப் படுக்கை லாரி ஓட்டுநர் கைதட்டினார்.

யார் கதவைத் திறந்தாலும் "கமர்ஜோபா" என்கிறார்.
வெற்றி என்று பொருள் அந்தச் சொல்லுக்கு.
இந்த அறையில் யாரும் எதையும் வென்றதில்லை.
வந்தவர் வந்துவிட்டார் என்பதற்கு ஒரு முத்திரை,
அவ்வளவுதான்.

இருபது வரை எண்ணுவார்.
ஏழு மட்டும் வேண்டுமென்றால்
ஒன்றிலிருந்து படியேறித்தான் வரவேண்டும்.

ஒரே விளக்கு என்று நினைத்திருந்தேன் பேச்சை.
அறைக்கு அறை தனி ஃபியூஸ் போலிருக்கிறது.
என் படிவத்தில் இருப்பதோ ஒரு கட்டம்:
பெயரிடல். பூஜ்யம்.

வியாழக்கிழமை.
மறுபடி கரண்டி, மறுபடி குவளை.
அலுத்துப்போய் இரண்டையும் அருகருகே வைத்தேன்.

அவர் எழுந்தார்.
இடது கையால் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார்,
வெகுநேரம் ஆயிற்று அதற்கு.
செருமினார்.
"சட்டம் எனக்களித்த அதிகாரத்தால்
உங்கள் இருவரையும்
கணவன் மனைவி என்று அறிவிக்கிறேன்."

ஒரு சொல்லும் தடுக்கவில்லை.
"யார் மாப்பிள்ளை?" என்றார் ஓட்டுநர்.
நதேலா சிரித்தாள், நிறுத்த முடியாமல் சிரித்தாள்,
பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஓய்வு பெற்றவர் சொன்னால் செல்லுமா, தெரியாது.
அன்றிலிருந்து அந்த இரண்டு அட்டைகளையும்
நான் பிரித்து அடுக்குவதில்லை.

மாலையில் நதேலா கோட்டை மாட்டும்போது
அவள் விரல்களைப் பிடித்தார்.
"ஒன்று," என்றார், மிக மெதுவாக.
"ஒன்று, இரண்டு..."
பிறகு, குரல் மேலேறி,
கிட்டத்தட்ட உடைந்து,
"மூன்று?"

அவள் கோட்டைக் கழற்றினாள்.
நாற்காலியை இழுத்துப் போட்டாள்.
"நான்கு," என்றாள்.