மூன்றாவது லைன்

கொருக்குப்பேட்டையில் சிக்னல் விழுந்ததும்
ஜெபசிங் போன் அடித்தான்:
"கிளம்பிடுச்சு. ரெட்டை எஞ்சின்."
வண்டியை உதைத்தேன்.

சைதாப்பேட்டையில் ஒருமுறை பக்கத்தில் வந்தது,
கிண்டி நெரிசலில் தொலைந்தது,
பரங்கிமலையில் ஹாரன் மட்டும் கேட்டது.
சரக்கு ரயிலுக்கு நேரம் கிடையாது.
லோக்கலுக்கெல்லாம் வழிவிட்டு வழிவிட்டு
அது வரும்போதுதான் அதன் நேரம்.
அதனால்தான் முந்த முடிகிறது.

திரிசூலம் மலையில் ஏறினேன்.
மலை என்றால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள்.
பாதியை வெட்டி ஜல்லியாக்கி
நம் வீட்டுச் சுவர்களுக்குள் வைத்துவிட்டோம்.
மீதியில் முள், உடைந்த பாட்டில், நான்.

எதிரே விமானம் இறங்குகிறது.
கீழே நிற்கும் பிள்ளைகள்
அதைத்தான் பார்க்கிறார்கள்.

வந்தது.
முதலில் பாறைக்குள் ஒரு நடுக்கம்,
முட்டியில் ஏறியது.
பிறகு எஞ்சின், பிறகு துரு, துரு, துரு.
பதினேழு பெட்டி எண்ணியிருப்பேன்,
நேரம் பார்த்து நடுவில் நுழைந்தது
தாம்பரம் லோக்கல்.
ஃப்ரேம் முழுக்க ஜன்னல்,
ஜன்னல் முழுக்க வீடு திரும்பும் முழங்கை.

அது விலகியபோது
மிச்சமிருந்தது கடைசிப் பெட்டி ஒன்றுதான்.
கைப்பிடிக் கம்பியில் முதுகு சாய்த்து
கார்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.
லென்ஸ் மின்னியிருக்க வேண்டும்.
கொடி பிடிக்கிற கையைத் தூக்கினார்
சோற்றோடு.

ராத்திரி ஜெபசிங் கேட்டான்:
"எஞ்சின் நம்பர் விழுந்துச்சா?"
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
விரல் நுனியில் மஞ்சள்.
"இல்லடா.
எலுமிச்சை சாதம்."