புதன், எட்டரை

மரண அறிவித்தல்கள் முடிகின்றன.
இன்றைக்கு நால்வர்.
ஒருவரைத் தெரியும்: என்னிடம் கார்பரேற்றர் வாங்கி
முக்கால் காசு தந்தவர்.
மிச்சக் கால் இனிக் கடலுக்கு.

அடுத்தது கடற்றொழிலாளருக்கான வானிலை.
திருகோணமலையிலிருந்து முல்லைத்தீவு ஊடாகக்
காங்கேசன்துறை வரையான கடற்பரப்பில்
காற்று மணிக்கு நாற்பது கிலோமீற்றர்.
இங்கே கச்சான் ஏற்கெனவே வந்து
கூரைத் தகரத்தின் ஆணிகளை ஒவ்வொன்றாய் அசைத்துப் பார்க்கிறது.

பிறகு அந்த இடைவெளி.
யாரோ கதிரை இழுக்கிறார்கள். தாள் புரள்கிறது.
ஒரு செருமல்.
வாரம் முழுக்க நான் காத்திருப்பது
பாதி அந்தச் செருமலுக்குத்தான்.
"நேயர்களே" என்கிறார் சத்தியபாமா நவரெத்தினம்.

கை கழுவமாட்டேன். மண்ணெண்ணெய் மணத்தோடுதான் கேட்பது.
டச்சு பேயில் என் பட்டறை;
றேடியோ தொங்குவது
இறக்கை முறிந்த புரொப்பெல்லரில்;
அன்ரெனாவில் சுற்றிய செப்புக்கம்பி
யன்னல் வரை போகிறது.
வெளியே மான் ஒன்று வந்து நின்று
பொலித்தீனை மெல்லத் தொடங்கினால்
ஏனோ இரைச்சல் குறைந்து சத்தம் தெளியும்.
காரணம் கேட்காதீர்கள், நான் எஞ்சின்காரன்.

ராகங்களின் பெயர் எனக்கு நிற்பதில்லை.
அவர் சொன்னதும் சோக்கட்டியால் சுவரில் எழுதிக்கொள்வேன்:
சகானா, அழுது முடித்து முகம் கழுவியது.
பேகடா, கடன் கேட்க வந்தவனின் சிரிப்பு.
பக்கத்திலேயே, அதே கையெழுத்தில்,
நாற்பது குதிரைவலு, பெயரிங் இரண்டு, முற்பணம் இல்லை.

போன புதன் வயலின்.
மிஸ்ரசாபு என்றார், ஏழு எண்ணிக்கை என்றார்.
நான் எட்டு மட்டும் தெரிந்த ஆள்.
தொடையில் தட்டினேன், எட்டாவது தட்டு
ஆளில்லாத வீட்டுக் கதவில் விழுந்தது.
மூன்று சுற்றுத் தொலைந்த பிறகுதான் பிடிபட்டது:
மத்தியானம் தண்ணீர்ப் பீப்பாயில் ஓடவிட்ட
நசுறுதீனின் எஞ்சின்,
ஒரு சிலிண்டர் பிடித்தும் விட்டும்
தகிட தகதிமி, தகிட தகதிமி என்று
இருமிக்கொண்டிருந்ததே, அதே கணக்கு!
கிண்ணியாக் கடலில் அந்த மனுசன்
ஐந்து மாதமாய் மிஸ்ரசாபுவில் போய்வந்திருக்கிறார்.

அதற்குப்பின் நான் தவறவில்லை.
வயலின் ஒதுங்கி இடம் விட்டது,
மிருதங்கம் தனியே இறங்கி, விலகி, சிக்கெடுத்து,
திரும்பி வரும் வழியில்
தகிட தக

ஒன்பது மணி. செய்திகள்.
"நேரமின்மை காரணமாக" என்றுகூட யாரும் சொல்லவில்லை.

அந்தத் 'திமி' என்னிடமே கிடந்தது.
பாண் வாங்கும் வரிசையில் விரல் அதைத் தேடியது.
"சோற்றுக் கோப்பையில் என்ன தட்டுறீங்கள்?"
என் மனுசி சாந்தமலர் கேட்டாள்.
"பாக்கி" என்றேன்.
"ஆருக்கு?" என்றாள். அதற்குப் பதில் இருக்கவில்லை.

சனிக்கிழமை நசுறுதீன் வந்தார்.
பிளக் மாற்றி, கொயில் மாற்றி,
பட்டுப்போல ஓடுகிற எஞ்சினைக் காட்டினேன்.
தலையைச் சாய்த்துக் கேட்டார் கனநேரம்.
"முந்தி பேசிக்கிட்டு வரும். இப்ப ஊமை மாதிரிக் கிடக்குது."
காசை முழுதாய் எண்ணித் தந்துவிட்டு
கொஞ்சம் வருத்தத்தோடு தூக்கிக்கொண்டு போனார்.
எனக்கும்தான் வருத்தம், சொல்லவில்லை.

இன்று சத்தியபாமா செருமுகிறார்.
போன வாரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.
நாகசுரம் என்கிறார், தவில் என்கிறார்,
வாசிப்பவர் பெயரைக் காற்று தின்றுவிடுகிறது.
ஒலித்தட்டு தொடங்குமுன் ஒரு மூச்சளவு மௌனம்.
அதற்குள், கழற்றிப் போட்ட எஞ்சின் மூடியில்
இரண்டே தட்டு: தி, மி.
இந்த மாதம் நான் தீர்த்த ஒரே கடன்.

ஆதி தாளம். எட்டு. தெரிந்த கணக்குத்தான்.
ஆனாலும் விரல்
ஏழில் ஒருதரம் நின்று
சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போகிறது.