மூன்றாம் கேட்டில் எழுதிய அப்பீல்

ஐயா
என்று தொடங்கி அழித்தேன்.
பெறுநர்தான் முதலில் வரவேண்டுமாம்.
ரெக்கார்டு ஆபீஸ் விலாசம், என் பழைய எண்,
பேருக்கு முன்னால் ஹவில்தார்.
அந்த எண்ணைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
இங்கே என் அறை எண்தான் அடிக்கடி மறக்கிறது.

சோஹார், துறைமுகச் சாலை, மூன்றாம் கேட்டு.
இரவு இரண்டு மணி.
நாற்காலி உண்டு, உட்காரக் கூடாது.
கேமரா அதற்காகத்தான்.

மெடிக்கல் போர்டில் இருந்த டாக்டர் நல்லவர்.
குனி என்றார். குனிந்தேன்.
விரல்நுனி முட்டியைத் தாண்டி ஒரு சாண் இறங்கிவிட்டது.
அதுதான் நான் செய்த தப்பு.
பதினேழு வருஷம் முடியாது என்று சொல்லிப் பழகாத உடம்பு,
அதிகாரி சொன்னதும் கீழ்ப்படிந்துவிட்டது.
பதினைந்து விழுக்காடு என்று எழுதினார்.
இருபது இருந்தால்தான் ஊனப் பென்ஷன்.
மீதி ஐந்து எந்த எலும்பில் இருக்கிறதென்று
பாளையங்கோட்டையில் எடுத்த ஸ்கேனை
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துத் தேடியிருக்கிறேன்.

கீழே இன்னொரு வரி: பணியால் நேர்ந்ததன்று.
அப்படியென்றால் அந்த மண்ணெண்ணெய் ஜெரிகேன்,
முழங்கால்வரை பனி, வழுக்கிய ஏணி,
விழுந்து கிடந்தபடியே
மூடி திறந்துகொண்டதா என்று நான் தடவிப் பார்த்தது,
இதெல்லாம் யாருடைய பணி?

இந்த வரி வேண்டாம்.
வக்கீல் தேவசகாயம் போனில் சொல்லியிருக்கிறார்:
"வலிய எழுதுங்க. கோவத்த நான் பாத்துக்கறேன்."

சரி, வலி.
இடுப்பில் தொடங்கி இடது கட்டைவிரல்வரை
யாரோ ஈரக் கயிற்றை உள்ளுக்குள் உருவுகிறார்கள்,
முடிச்சோடு.
இதற்குச் சாட்சி உண்டா என்று ஒரு கட்டம்.
உண்டு. குல் ஜமான், பக்கத்துக் கட்டில்.
தினமும் என் ஷூவுக்கு லேஸ் கட்டிவிடுகிறவன்.
ஊர் மர்தான், பாகிஸ்தான்.
கட்டத்தைக் காலியாக விட்டேன்.

தற்போதைய மருத்துவச் சான்று இணைக்க வேண்டும்.
இருக்கிறது, மார்ச்சில் வாங்கியது.
இரண்டு மாத்திரையை விழுங்கிவிட்டு
கம்பெனி டாக்டர் முன்னால்
சுவரில் சாத்திய பலகை மாதிரி நின்று வாங்கியது.
முழுத் தகுதி.
வலி இல்லை என்று இங்கே ஒரு கையெழுத்து,
உண்டு என்று அங்கே ஒன்று.
பேனாகூட அதே பேனாதான்.

லாரி ஒன்று வந்து நின்றது, வெங்காய லோடு.
போனைப் பைக்குள் போட்டுவிட்டு
நீளக் கம்பில் மாட்டிய வட்டக் கண்ணாடியை எடுத்தேன்.
வண்டியின் அடிவயிற்றைக் குனியாமல் பார்க்கச் செய்தது.
இந்த ஊரில் எனக்கென்றே செய்த ஒரே பொருள்.
அச்சு, கிரீஸ், துரு ஏறிய பட்டை ஸ்பிரிங்.
ஒரு போல்ட்டைக் காணோம்.
டிரைவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
அது ரொம்ப நாளாகவே இல்லை,
வண்டி ஓடுகிறதல்லவா என்றான்.

கேட்டைத் தூக்கினேன்.
ரெஜிஸ்டரில் நேரம், வண்டி எண்.
குறைபாடு:
இல்லை.