கட்டைவிரலால் மறைத்த பெயர்கள்

காலை ஒன்பதரைக்கு ஷார்ஜாவில் தேர்வு.
இப்போது இரவு பதினொன்று,
கித்ஃபா முகாம், ஏழாம் எண் அறை, மேல் கட்டில்.
பத்தொன்பது வயதில் தோற்ற உயிரியல்
முப்பத்து நான்கில் மடியில் வந்து விழுந்திருக்கிறது.

முதல் பாடம் எளிது.
கடலைக் குடிநீராக்கும் ஆலையில்
சவ்வு மாற்றுவதுதான் என் வேலை.
உப்பை நிறுத்தி நீரை மட்டும் விடுகிற
வெள்ளைச் சுருள்களை
ஆறு வருடமாகத் தோளில் தூக்குகிறேன்.
'செல் சவ்வு தேர்ந்து கடத்தும் தன்மையுடையது.'
தெரியும் என்றேன், சத்தமாகவே.
கீழ்க் கட்டிலில் மொகுதூம் புரண்டு படுத்தார்.

ஒன்றுதான் இடிக்கிறது.
ஆலையில் அறுபது பார் அழுத்தத்தில்
பம்பு முட்டித் தள்ளினால்தான் நீர் வரும்.
செல்லுக்கு யாரும் தள்ள வேண்டாம்,
உப்பு அதிகமிருக்கும் பக்கம் பார்த்து
நீர் தானாகவே போகும்.
நாங்கள் இந்தக் கரைக்கு வந்தது
இரண்டில் எந்த விதம் என்று
குறித்து வைக்க ஓரத்தில் இடமில்லை.

டார்ச்சோடு ஏறி வந்தான் தில் பகதூர்.
ரோல்பாக்காரன், சாரம் கட்டுகிறவன்.
'ஒரே வேலை செய்யும் செல்களின் தொகுப்பு திசு'
என்றால் இந்த அறை ஒரு திசு,
அவன் மட்டும் வழி மாறி வந்த செல்.
தமிழ் எழுத்து அவனுக்கு எறும்பு ஊர்ந்த தடம்.
ஆனாலும் எனக்குக் கேள்வி கேட்பது அவன்தான்.
படத்தின் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு
யே க்யா? என்பான்.
விடை அவனுக்குத் தெரியாது.
என் முகத்தைப் பார்த்தே திருத்துவான்.
தயங்கினால் தப்பு.

யே க்யா? மைட்டோகாண்ட்ரியா.
யே? உட்கரு.
யே? ரைபோ... இல்லை, கோல்கை உறுப்பு.
கலத், என்று தொடையில் தட்டினான்.

இதயத்துக்கு நான்கு அறை.
மூவிதழ் வால்வு என்றதும் நிமிர்ந்தான்,
வால்வு அவனுக்கும் தெரிந்த சாதி.
நான்-ரிட்டர்னா?
ஆமாம், போன ரத்தம் வந்த வழி திரும்பாது.
அச்சா, என்றான். சிரிக்கவில்லை.

கழிவுநீக்க மண்டலம் வந்தபோது மணி பன்னிரண்டரை.
அவரை விதை வடிவம். ஒவ்வொன்றிலும்
ஏறத்தாழ பத்து லட்சம் நெஃப்ரான்.
இந்த முறை விரல் பெயரை மறைக்கவில்லை.
பனியனைத் தூக்கி
விலாவுக்குக் கீழே முதுகில் கை வைத்தான்.
யே?
அதேதான்.
இது வலித்தால்?

பாடத்தில் இல்லை என்றேன் முதலில்.
இறங்கிப் போய்க் கட்டிலடியிலிருந்து
ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்தான்.
டார்ச் வெளிச்சத்தில்
சுலைமானியின் நிறம்.
மூன்று நாளாக இப்படித்தானாம்.
குடித்தால் ஒன்றுக்கு இறங்க வேண்டும்,
இறங்கி ஏறக் கால்மணி போகும்,
ஃபோர்மேன் கத்துவார்,
அதனால் கோடை முழுக்க
சாரத்தின் உச்சியில் குடிக்காமலே நின்றிருக்கிறான்.
கீழே, நாங்கள்
ஒரு நகரத்துக்கே தண்ணீர் செய்துகொண்டிருந்தோம்.

பௌமன் கிண்ணம், ஹென்லே வளைவு, சேகரிப்பு நாளம்,
கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பேன்.
தயங்கினேன்.
அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐந்தரை மணிப் பேருந்தில் இரண்டு பேர்.
சீட்டு எழுதி வாங்காமல் போனால்
ஒருநாள் சம்பளம் போகும், போகட்டும்.
ஹால் டிக்கெட்டின் பிளாஸ்டிக் உறை
இப்போது பாட்டிலைச் சுற்றியிருக்கிறது,
ஹால் டிக்கெட் என் சட்டைப்பையில் நனைகிறது.
டாக்டரிடம் காட்ட
நோட்டின் கடைசித் தாளில் ஒரு படம் போட்டேன்:
இரண்டு அவரை விதை, ஒரு அம்புக்குறி, மூன்று கோடுகள்.
பெயர் எதுவும் எழுதவில்லை.

ஃபுஜைரா ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் இறங்கினான்.
சன்னலில் ஒருமுறை தட்டி,
தன் நெஞ்சைத் தொட்டு, யே க்யா? என்றான்.
வண்டி நகர்ந்துவிட்டது.

மலை தொடங்குகிறது.
சுவாச மண்டலம் இன்னும் புரட்டவில்லை.