ஸ்லைடு ஒன்பது

பகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
டயர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் வாடகை வீடு.
சுவரில் போர்வையை ஆணியடித்து
இரவல் புரொஜெக்டரை அரிசி டின்மேல் வைத்தேன்.
முதல் ஸ்லைடில் என் பெயர்
போர்வையின் பூக்களுக்குள் தொலைந்துபோனது.
திருப்பி மாட்டினேன்.

பன்னிரண்டு நிமிடம் தருவார்கள்.
என்னிடம் முப்பத்தொரு ஸ்லைடு.
காலை ஆறே காலுக்கு சிரம்பான் பஸ்.

பின்வரிசையில் ஒருவர்
கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருக்கிறார்,
அவருக்காகச் செய் என்றார் டாக்டர் நோராய்னி.
எழுத்தைப் பெரிதாக்கினேன்.
பெரிதாக்கப் பெரிதாக்க
வாக்கியங்கள் ஓரத்தில் வழிந்து விழுந்தன.
விழுந்ததில் பாதியை
யாரும் தேடப்போவதில்லை என்பது
அப்போதுதான் தெரிந்தது.

ஒன்பது பத்தி, நாற்பது வரி, ஓர் அட்டவணை.
இரண்டு வருடத்துக் காலைகள் அதற்குள் இருந்தன:
செம்பனைக்கு நடுவே கம்பத்தில் நிற்கும் பெட்டிகள்,
அடியில் கூகை கக்கிப்போட்ட உருண்டைகள்.
வெந்நீரில் ஊறவைத்து ஊசியால் பிரித்தால்
எலியின் தாடை, எலியின் தாடை,
மறுபடி எலியின் தாடை.
அறுநூற்றுப் பன்னிரண்டு தாடைகளையும் எடுத்துவிட்டு
ஒரு கோடு போட்டேன்.
ஏறுகிறது, ஏறுகிறது,
பதினோராம் பிளாக்கில் சறுக்குகிறது.
சிவப்பும் பச்சையும் சிலர் கண்ணுக்கு ஒன்று.
நீலமாக்கினேன்.

மலாயில் அதன் பெயர் பேய்ப்பறவை.
ஆங்கிலத்தில் களஞ்சியத்து ஆந்தை.
கூகை என்ற சொல்லுக்கு
ஒரு ஸ்லைடிலும் இடமில்லை.
கோப்புக்குப் பெயராக வைத்தேன்:
கூகை கடைசி.
கூகை கடைசி இரண்டு.
கூகை உண்மையிலேயே கடைசி.

ஒன்பதாவது ஸ்லைடில் சொற்களே இல்லை.
இருபத்து மூன்றாம் பெட்டி,
இரண்டு குஞ்சுகள்,
அலகோரத்தில் காய்ந்த ரத்தம்.
படத்தின் விளிம்பில்
ஏணியைப் பிடித்தபடி ஒரு கை,
மஞ்சள் கையுறை, மணிக்கட்டில் தோட்டத்து முத்திரை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு ஏணி பிடிப்பதும்
மற்ற நாள்களில் எலி மருந்து வைப்பதும்
குணாளன்தான். என் அண்ணன்.

வேலை முடிந்து வந்து
சோற்றைப் பிசைந்துகொண்டே போர்வையைப் பார்த்தான்.
"அந்தக் கைய எடுத்துரு.
மேனஜர் மவனும் அங்கதான் படிக்கிறான்."
கொஞ்சம் கழித்து,
"பதினொன்னாம் பிளாக்குக்கு
மருந்து வச்சது யாருன்னு போட்டிருக்கியா?"
"போடல."
"கூகை பெருக ரெண்டு வருசம் ஆவும்.
மருந்துக்கு ஆறு நாளு.
கம்பெனி எத வாங்கும், நீயே சொல்லு."

தேவையில்லாததை வெட்டு:
இந்த விதி எனக்கு மனப்பாடம்.
படத்தின் ஓரத்தைப் பிடித்து உள்ளே இழுத்தேன்.
முத்திரை போனது. மணிக்கட்டு போனது.
விரல்கள் ஒவ்வொன்றாகப் போயின.
பெட்டியின் பலகைமேல்
கையின் நிழல் மட்டும் போகவில்லை.
இன்னும் இழுத்தால் ஒரு குஞ்சு போய்விடும்.

தட்டைக் கழுவி வைத்துவிட்டு
அண்ணன் வந்து நின்றான், ஈரக் கையோடு.
"நெழல்ல முத்திரை தெரியாதுதானே" என்றான்.
அதன் பிறகு கைப்பேசியை எடுத்து
நேரம் பார்க்க உட்கார்ந்தான்.

முதல் தடவை பத்தொன்பது நிமிடம்.
ஆய்வின் பின்னணி ஐந்து ஸ்லைடு, தூக்கினேன்.
வாழ்க தாவிப் பறந்துவரும் எழுத்துகள், தூக்கினேன்.
எனக்கே புரியாத ஒரு வரைபடத்தைத்
தூக்கும்போதுதான் கை நடுங்கியது,
அதற்காக மூன்று மாதம் அழுதிருக்கிறேன்.
பதினொன்று மிஞ்சியது.

ஒன்பதாவதின் கீழே
எனக்கு மட்டும் தெரியும் குறிப்பில் எழுதினேன்:
இங்கே பேசாதே. பத்து எண்ணு.

கடைசி ஒத்திகை.
கீழே டயர் கடையில் காற்றடிக்கும் இயந்திரம்
விட்டுவிட்டு இரைந்தது.
ஒன்பது வந்தது, நின்றேன், எண்ணினேன்.
பத்தில் அடுத்ததைத் தட்டினேன்.
கைப்பேசியைப் பார்க்காமல்
போர்வையைப் பார்த்திருந்த அண்ணனின் உதடுகள்
இன்னும் எண்ணிக்கொண்டிருந்தன.