அரண்மனைக்காரத் தெரு

ஞாயிறு காலை பிராட்வேயில் இறங்கினால்
ஷட்டர்கள் எல்லாம் தூங்குகின்றன.
வாய் திறக்காமல் நடக்க
இதைவிட வடிவான நாள் இல்லை.

வாய் திறந்தால் நான் வெளிநாடு.
ஒரு 'ஓம்' தப்பி விழுந்தால் போதும்,
"நீங்க சிலோனா?"
ஆட்டோ கிளம்புமுன்பே கேள்விகள் கிளம்பிவிடும்.
அதனால் தேத்தண்ணியை டீ ஆக்கினேன்.
கதைப்பதைப் பேசுவதாக்கினேன்.
கெதியாய் என்று வந்ததைப்
பல்லுக்குள் பிடித்துச் சீக்கிரமாக வெளியே விட்டேன்.
இரண்டு வருடத்தில்
வளசரவாக்கத்து வீட்டுக்காரம்மாவுக்கே
சிலவேளை மறந்துபோகிறது,
வாடகை கூட்டுகிற மாதம் தவிர.

கால்களுக்கு உச்சரிப்பு இல்லை.

தம்புச் செட்டி தெரு, லிங்கிச் செட்டி தெரு,
பவளக்காரத் தெருவில் பவளம் இல்லை,
மூடிய கடைப் படியில் ஒரு நாய்,
நாயின் மேல் அரைவாசி வெயில்.
முதலில் மூத்திர வாடை, அடுத்த வளைவில் மிளகு,
அதற்கடுத்து எந்தக் கிடங்கிலிருந்தோ
ஈரச் சாக்கு.

பலகையில் ஆர்மேனியன் தெரு.
மீன்பாடி வண்டிக்காரரிடம் கேட்டால் அரண்மனைக்காரத் தெரு.
முதல் மாதம் முழுக்க
எங்கே அரண்மனை என்று தேடினேன்.
எங்கிருந்தோ கப்பலேறி வந்த ஆட்களின் பேர்
வாயில் நுழையாமல்
இந்த ஊர் நாக்கு
ஆளுக்கொரு அரண்மனை கட்டிக் கொடுத்திருக்கிறது,
கூலி வாங்காமல்.

தேவாலயத்துக்குள் நடைபாதை முழுக்கக் கல்லறைகள்.
செருப்பைக் கழற்றினேன், கல் சுட்டது.
எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து,
தூண்டில் முள்களைக் கொட்டிவைத்த மாதிரி.
அவங்க ஆளுங்க யாரும் இப்ப இங்க இல்லம்மா,
மணி மட்டும் அடிக்கிறோம்
என்றார் காவல்காரர்.
யாருக்கு?
"வழக்கம்."

ஹாடோஸ் ரோடு அலுவலகத்துப் படிவத்தில்
ஒரு கட்டம்: தாய்மொழி.
எழுதினேன்.
எழுதியதைப் பார்த்து, பாஸ்போர்ட்டைப் பார்த்து,
பிறகு என்னைப் பார்த்து அந்த அம்மா சிரித்தார்.
கெட்ட சிரிப்பு இல்லை.
"தவமலரா? எங்க சித்தி பேரும் மலர்தான்."
அடுத்த கட்டம்: திரும்பிச் செல்லும் தேதி.
வெறுமையாக விட்டேன்.
விடக்கூடாதாம்.
என் பிறந்தநாளை எழுதிக் கொடுத்தேன்.

நாலு மணிக்கு
பர்மா பஜார் பின்னால் அத்தோ வண்டிகள் வரும்.
சேவுகன் பர்மாவில் பிறக்கவில்லை,
அவர் அப்பா பிறந்தார்.
மஞ்சள் நூடுல்ஸில் முட்டைகோஸும் புளித்தண்ணீரும்
கையாலேயே பிசைகிறார்.
கப்பல் வந்து அறுபது வருடம் ஆயிற்று,
தெரு இன்னும் பர்மாக்காரங்க என்றுதான் சொல்கிறது.
அங்கே இருந்தபோது
எங்களை வேற ஒண்ணு சொல்வாங்களாம்.
என்ன என்று அவர் சொல்லவில்லை,
பொரித்த பூண்டை இன்னொரு பிடி தூவினார்.

"காரம் போடவா?"

பசியில் காவல் தவறிவிட்டது.
"ஓம்."

பிசைந்த கை நின்றது.
வரப்போகும் கேள்விகளுக்கு
வரிசையாகப் பதில் எடுத்து வைத்தேன்:
எப்ப வந்தது, எத்தனை பேர் வந்தது,
எத்தனை பேர் வரவில்லை.
அவர் வாழைத்தண்டு சூப்பை ஊற்றி
என் பக்கம் தள்ளினார்.
பிறகு தட்டுக் கழுவும் பையனிடம் திரும்பி
"ஓம்" என்றார்,
உப்புப் பார்ப்பதுபோல.
"ஓம்" என்றான் அவன்,
ஈரக் கையை டவுசரில் துடைத்துக்கொண்டு.

என் பேரில் இங்கே ஒரு தெரு வராது,
தெரியும்.
வந்தாலும் அதை என்னவாக மாற்றுவார்களோ.

சாப்பாடு நாற்பது ரூபாய்.
ஐம்பதாகக் கொடுத்தேன்.
சில்லறை இல்லை, அடுத்த வாரம் வாங்கிக்கங்க என்றார்,
நான் வருவேனா என்று கேட்காமல்.

பஸ்ஸில் கண்டக்டர் "எங்க?" என்றார்.
வளசரவாக்கம் என்றேன்,
வாயெல்லாம் பூண்டு.